கோத்தகிரி ஏற்றமும் இறக்கமும்: ஜெனரேட்டர் இழுக்கும் பிக்அப்பில் செய்த வேலைகள்

கோத்தகிரியில் மைக்செட், சீரியல் லைட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது என் தொழில். முகூர்த்த மாதங்களில் பாதி வேலை மலைமேல், மீதி மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கம். 25 கேவிஏ ஜெனரேட்டரை இரண்டு சக்கர ட்ரெய்லரில் ஏற்றி, பிக்அப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு, மாதத்துக்கு ஆறேழு தடவையாவது மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கி ஏறியாக வேண்டும். 33 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரம் ஏறி இறங்குகிறோம்.

வண்டி 2018 மாடல், 2.5 லிட்டர் டர்போ டீசல், பிஎஸ்-4. கம்பெனிப் பெயர் வேண்டாம், அதன்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கீழே சொல்லப்போகிற கோளாறுகளில் பாதி வயதால் வந்தவை, மீதி நானே வரவழைத்துக்கொண்டவை.

போன ஐப்பசியிலிருந்தே இழுவை குறைந்துகொண்டு வந்தது. பெயர்தான் பிக்அப், வண்டியில் பிக்கப்பே இல்லை என்று என் மச்சான் கிண்டல் பண்ணுவான். குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டினால் இரண்டாவது கியர் தாங்காது. முதல் கியரில் 12, 13 கிலோமீட்டர் வேகத்தில் முனகிக்கொண்டே ஏறும். பின்னால் பஸ் டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே வருவார், அவர் முகத்தில் என் கரும்புகை. முன்பு ஒரு மணி பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன், இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

இந்த நேரத்தில் எல்லோரும் செய்யும் தவறைத்தான் நானும் செய்தேன். கீழ்நாட்டில் ஒரு கடையில், "இந்தப் பெட்டியை மாட்டினால் இருபத்தைந்து பர்சன்ட் பவர் கூடும், அஞ்சு நிமிஷ வேலை" என்றார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. டீசலை அழுத்தத்தில் தேக்கித் தரும் குழாயான காமன் ரெயிலின் பிரஷர் சென்சாருக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் செருக வேண்டும். ரெயிலில் பிரஷர் குறைவாக இருப்பதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்; அதுவும் நம்பிப் பிரஷரை ஏற்றும்; ஒவ்வொரு தெளிப்பிலும் டீசல் கூடுதலாகப் போகும். பதினெட்டாயிரம் ரூபாய். மாட்டினேன். உண்மையைச் சொன்னால் முதல் வாரம் ஆனந்தமாக இருந்தது. முள்ளூர் ஏற்றத்தில் இரண்டாவது கியரே போதும். புகை மட்டும் இன்னும் கருப்பாக வந்தது. அதை நான் பார்க்க விரும்பவில்லை.

வண்டி இழுக்கிறது என்றதும் சுமையையும் கூட்டினேன். தை மாதம் ஒரு கல்யாணத்துக்குக் காரமடை போக விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். ட்ரெய்லரில் ஜெனரேட்டர். வண்டியில் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் நான்கு, கேபிள் சுருள்கள், என்னோடு இரண்டு பேர். பனிமூட்டம். மூன்றாவது கியரில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். முள்ளூர் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போகிறது. இரண்டு தடவை பம்ப் பண்ணியதும் கொஞ்சம் பிடித்தது. உடனே இரண்டாவது, அப்புறம் கிட்டத்தட்ட நசுக்கித்தான் முதல் கியர். மலைப்பக்கச் சாக்கடைக் கல்லில் முன்சக்கரத்தை ஒட்டி நிறுத்தினேன். பையன் குதித்து இறங்கி நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தான். முன்சக்கரம் இரண்டிலும் புகை. பிரேக் லைனிங் கருகும் அந்த வாசனை மூக்கில் இரண்டு நாள் இருந்தது.

பலா சீசன் இல்லை என்றாலும் அந்தப் பக்கம் யானை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டார்ச்சை அடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஆறியதும் பெடல் பழையபடி கல் மாதிரி ஆகிவிட்டது. அதுதான் துப்பு. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் சூடேறி வழுக்குகிறது. பெடலே பஞ்சாகி, ஆறினதும் சரியாகிவிட்டால், குழாய்க்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவியை அழுத்தலாம், அது சுருங்கும். சக்கரத்துக்கு அழுத்தம் போகாது.

மேட்டுப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அறுபது வயசு, லாரியிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். கல்யாண வேலை முடிந்து அவரிடம் போனேன். பானெட்டைத் திறந்ததும் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"இதென்ன தம்பி?"

"பவருக்குங்ணா. ஏத்தத்துல இழுக்கலைன்னு மாட்டினேன்."

"சரி. இது மேலே ஏறறதுக்கு. கீழே எறங்கறதுக்கு என்னத்தை மாட்டுனீங்க?"

பதில் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. பையனைக் கூப்பிட்டு ஜாக்கி எடுத்து வரச் சொன்னார்.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம். எடைமேடையில் போட்ட எடை: வண்டியும் ஆளும் சாமானும் 2,100 கிலோ, ட்ரெய்லர் 1,340. மொத்தம் 3,440. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, டயர் உருளும் தடையையும் சேர்த்துச் சக்கரத்துக்குச் சுமார் 36 குதிரைத்திறன் வேண்டும். என் இன்ஜின் புத்தகப்படி 70 சொச்சம். உயரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தாராளமாகக் கழித்தாலும் போதும். அப்படியானால் முதல் கியரில் 12-இல் ஏறும் வண்டியிடம் இருக்கிற பவரே எங்கோ ஒழுகிப் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இறக்கத்துக்கும் அதே கணக்கு. 30-இல் இறங்கும்போது தடையைக் கழித்தபின் நொடிக்கு நொடி 20 கிலோவாட் சூடு எங்காவது போயாக வேண்டும். எங்கள் ஊரில் எல்லோர் வீட்டிலும் இருக்கும் 2,000 வாட் ரூம் ஹீட்டர் பத்தை ஒன்றாகப் போட்ட மாதிரி. மேலிருந்து கீழே வரை கூட்டினால், தடையைக் கழித்தபின்னும் சுமார் 10 யூனிட் கரண்ட். இதை இன்ஜின் பிரேக் எவ்வளவு விழுங்குகிறதோ அது போக மீதி அத்தனையும் நான்கு சக்கரத்தின் இரும்புக்குள்தான் போகும். பெட்டி மாட்டி ஏற்றத்தில் வேகமும் சுமையும் கூட்டினேனே தவிர, இந்த ஹீட்டர் கணக்கில் ஒரு வாட்கூடக் குறையவில்லை.

ஆகவே வரிசையை மாற்றினோம். முதலில் நிறுத்துவது, அப்புறம் இழுப்பது.

பிரேக் ஆயிலில் தொடங்கினோம். நான் வாங்கியதிலிருந்து மாற்றியதே இல்லை. குறைந்தால் ஊற்றுவேன், அவ்வளவுதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வருடத்தில் பாதி நாள் மேகத்துக்குள் நிற்கிற ஊரில் கேட்கவே வேண்டாம். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறினால் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230-உம் 155-உம். இரண்டு ஆயிலும் ஒரே இனம் என்பதால் மாற்றிக்கொள்ளலாம், டாட் 4 ஊற்றினோம். தூரமான சக்கரத்தில் ஆரம்பித்து ஏர் எடுப்பது வழக்கம். பையன் சீட்டில், நான் வீலுக்குக் கீழே, ஏர் எடுக்கும் நிப்பிளில் டியூபைச் செருகிப் பாட்டிலில் விட்டுக்கொண்டு. "மிதி… பிடி… விடாதே… சரி, விடு." நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்ததும் வந்தது ஆயில் மாதிரியே இல்லை. கருப்பட்டிக் காப்பி. பாட்டிலின் அடியில் மண்டியும் தங்கியது. தேன் நிறத்தில் தெளிவாக வரும்வரை நான்கு சக்கரத்துக்கும் ஒரு லிட்டருக்கு மேல் செலவானது. இடையில் ஒரு தடவை மேலே பிரேக் ஆயில் டப்பா காலியாகிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. ஏர் உள்ளே போய் முழுவதையும் மறுபடி செய்தோம். ஒரு ஆள் டப்பாவைப் பார்ப்பதற்கென்றே நிற்க வேண்டும்.

அடுத்துதான் எனக்கே தெரியாமல் நான் செய்து வைத்திருந்த வேலை. இரண்டு வருடம் முன்பு, ட்ரெய்லர் மாட்டினால் வண்டியின் பின்பக்கம் உட்காருகிறது என்று பின் ஸ்பிரிங் பட்டையில் இரண்டு இலை கூடச் சேர்த்திருந்தேன். பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு வால்வும் கம்பியும் இருக்கும். சுமை ஏறி வண்டி உட்கார உட்கார அந்தக் கம்பி வால்வைத் திறந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலி வண்டியில் பின்சக்கரம் லாக் ஆகாமல் இருப்பதற்காக வைத்த ஏற்பாடு. நான் பட்டையைக் கெட்டியாக்கியதால் எவ்வளவு சுமை ஏற்றினாலும் வண்டி உட்காரவில்லை. வால்வைப் பொறுத்தவரை வண்டி எப்போதும் காலி. பின் பிரேக் சும்மா ஒப்புக்கு வேலை செய்ய, மொத்தச் சூடும் முன்சக்கரத்தில். மெக்கானிக் அண்ணன் கம்பியை விரலால் சுண்டிக் காட்டிவிட்டு, "பட்டை போட்டவன் இதைப் பார்க்கலியா?" என்றார். பட்டை போடச் சொன்னவனே நான்தான் என்று சொல்லவில்லை. கூடுதல் இலை இரண்டையும் கழற்றி, சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் அளவுப்படி கம்பியை வைத்தோம். பின்பக்க லைனிங் புதிது, முன்பக்க டிஸ்க் பேட் புதிது.

பட்டையைக் கழற்றியதும் வண்டி பழையபடி உட்காருமே? அதற்குக் காரணம் கொக்கியில் விழும் எடை என்பதால் அதை அளந்தாக வேண்டும். எங்கள் தெருவில் தேயிலைப் பச்சை இலை எடை போடும் ஏஜென்ட் ஒருவர் இருக்கிறார். அவருடைய எலெக்ட்ரானிக் தராசை ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கினேன். சமதரையில் ட்ரெய்லரின் மூக்கை, அதாவது கொக்கியில் மாட்டும் முனையைக் கழற்றி, வண்டியில் மாட்டும்போது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்துக்கு மரக்கட்டை அடுக்கித் தராசின் மேல் வைத்தோம். நான் 150-க்கு மேல் இருக்கும் என்று நினைத்தேன். காட்டியது 62 கிலோ.

1,340 கிலோவுக்கு 62 என்றால் ஐந்து சதவீதம்கூட இல்லை. பத்து சதவீதம் அளவுக்காவது இருக்க வேண்டும். மூக்கு லேசானால் ட்ரெய்லர் வாலாட்டும். கீழே சமவெளியில் 60 தாண்டினால் பின்னால் ஒரு ஆட்டம் தெரியும், ரோடு சரியில்லை என்று ரோட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. ஜெனரேட்டர் 950 கிலோ; ட்ரெய்லர் ஆக்சிலிலிருந்து மூக்குக்கு 2.6 மீட்டர். ஜெனரேட்டரை 19 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினால் மூக்கில் 70 கிலோ கூடும். அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. அடிச்சட்டத்தில் புதிதாக நான்கு துளை போட்டு, செயின் பிளாக்கில் தூக்கி நகர்த்தி முறுக்கினோம். திரும்ப எடை போட்டால் 131. அந்த ஆட்டம் அதோடு போயிற்று. ஒரு பைசா டியூனிங் செலவில்லாமல் கிடைத்த பெரிய மாற்றம் இதுதான்.

அப்படியானால் பின்பக்கம் ஏன் முன்பே உட்கார்ந்தது? பின் தொட்டியில் கேபிளையும் பாக்ஸையும் கடைசிக் கதவை ஒட்டி அடுக்கிக்கொண்டிருந்தோம். இப்போது கனமானது எல்லாம் கேபினை ஒட்டி.

கொக்கியைப் பற்றிக் கொஞ்சம். பழைய கொக்கி உள்ளூரில் பின் பம்பர் சட்டத்தில் வெல்டிங் வைத்தது. பெயின்ட்டைச் சுரண்டினால் வெல்டிங் ஓரமாகத் தலைமுடி அளவில் ஒரு துருக்கோடு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் அது கோடு இல்லை, விரிசல் என்று தெரிந்தது. எத்தனை கொண்டை ஊசி வளைவை அந்த விரிசலோடு கடந்தேன் என்று எண்ணாமல் இருப்பதே நல்லது. இப்போது 10 மில்லிமீட்டர் பிளேட்டில் பிராக்கெட் செய்து, சேஸிஸின் இரண்டு நீளச் சட்டத்திலும் ஏற்கெனவே இருந்த துளைகளில் 8.8 கிரேடு போல்ட் எட்டு போட்டிருக்கிறது. சேஸிஸில் புதுத் துளை போட வேண்டியிருந்தால் மேல், கீழ் விளிம்புகளைத் தொடாமல் நடுப்பலகையில்தான் போட வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டு, கொக்கிக்குக் கீழே பெருக்கல் குறி போல. மூக்கு கழன்றாலும் ரோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

ட்ரெய்லரில் இருந்த பிரேக் நிறுத்தி வைக்க மட்டும் உதவும் ஹேண்ட் பிரேக். அதே டிரம்மை ஓட்டத்திலும் பயன்படுத்தும்படி ஓவர்ரன் மூக்கு மாட்டினோம். இதன் யோசனை எளிமையானது. வண்டி பிரேக் போட்டதும் ட்ரெய்லர் முன்னால் முட்டும். முட்டும்போது மூக்கில் உள்ள தண்டு உள்ளே சரியும். தண்டு ஒரு லீவரைத் தள்ளி, லீவர் கேபிளை இழுத்து, ட்ரெய்லர் டிரம்மில் ஷூ பிடிக்கும். கரண்ட் வேண்டாம், ஆயில் குழாய் வேண்டாம். தண்டோடு ஷாக் அப்சார்பர் மாதிரி ஒரு டேம்பர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் டொக் டொக் என்று அடிக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு லாக் பின்னைச் செருகித் தண்டைப் பூட்ட வேண்டும். மறந்தால் ட்ரெய்லர் நகராது. மறந்தேன், கல்யாண மண்டப வாசலில், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால். மூக்கு கழன்றால் தானாகப் பிரேக்கை இழுக்கும் மெல்லிய கேபிள் ஒன்றும் தனியாக வண்டியில் மாட்டியிருக்கிறது.

இந்த வேலைக்கு முன் ஊட்டி ஆர்டிஓ அலுவலகத்தில் போய்க் கேட்டுக்கொண்டேன். ட்ரெய்லருக்குத் தனி ஆர்.சி., தனி நம்பர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் புரட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான். பெட்டியைக் கழற்ற இதுவும் ஒரு காரணம். ஆனால் முதல் காரணம் வேறு, அதற்கு வருகிறேன்.

இழுவைக்கு வருவோம். ஏர் ஃபில்டர் மண் மூட்டை, மாற்றினோம். டீசல் ஃபில்டரின் அடியைத் திறந்தால் அரை டம்ளர் தண்ணீர். ராத்திரிக் குளிரில் பாதி காலியான டேங்கின் சுவரில் வியர்க்கும் தண்ணீர்தான். இப்போதெல்லாம் ராத்திரி நிறுத்தும்முன் டேங்கை நிரப்பி வைக்கிறேன். இது எல்லாம் சில்லறை. பெரிய திருட்டு, டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஓஸில் இருந்தது.

அதைக் கண்டுபிடித்த விதத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டிலேயே செய்யலாம். டர்போவுக்குள் காற்று போகும் ரப்பர் குழாயை ஃபில்டர் பக்கம் கழற்றி, அந்த வாய்க்குப் பொருந்தும் பிவிசி மூடி ஒன்று வாங்கினேன். அதில் துளை போட்டு ஒரு டயர் வால்வைச் செருகி, கிளிப் போட்டு முறுக்கினேன். இன்ஜின் ஆஃப். கால் பம்ப்பால் மெதுவாக அரை பார் வரைதான் அழுத்தம், அதற்கு மேல் வேண்டாம். சோப்புத் தண்ணீரைத் தெளிக்கும் பாட்டிலில் எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் அடித்துக்கொண்டே போனேன். ஆயில் ஊற்றும் வாய்ப்பக்கம் லேசாக 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். அது திறந்திருக்கும் ஏதோ ஒரு வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் போய்க் கசிவது, பயப்பட வேண்டாம். மேல் ஓஸ் சுத்தம். கீழ் ஓஸையும் கையால் தடவினேன், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சோப்புத் தண்ணீர் அடித்ததும் அடிப்பக்கத்தில், ஒரு பிராக்கெட்டில் உரசும் இடத்தில், பதநீர் நுரைக்கிற மாதிரி பொங்கியது. நான்கு சென்டிமீட்டர் கிழிசல். அழுத்தம் இல்லாதபோது உதடு மூடிக்கொண்டு விடுகிறது; டர்போ ஊதும்போது மட்டும் திறக்கிறது. அதனால்தான் மூன்று பேர் பார்த்தும் கண்ணில் படவில்லை.

உள்ளே வந்த காற்றை அளந்து இன்ஜின் டீசலை ஊற்றுகிறது. அளந்த காற்றில் ஒரு பங்கு வழியிலேயே ஓடிவிட்டால் மிச்ச டீசல் எரியாமல் கரும்புகை. நான் அதன்மேல் பெட்டியை மாட்டி இன்னும் டீசலை ஊற்றிக்கொண்டிருந்தேன். மலை வேறு சேர்ந்துகொண்டது: கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ அதைச் சரிக்கட்ட ஏற்கெனவே வேகமாகச் சுற்றுகிறது, அதற்கு மேல் ஓட்டை.

சிலிகான் ஓஸ் இரண்டு, உரசும் இடத்தில் பழைய ட்யூபை வெட்டிச் சுற்றினோம். டாஷ்போர்டில் டர்போ அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டரும் வைத்தேன். ஏற்றத்தில் முன்பு 0.5 பார் தாண்டாதது இப்போது 0.9. புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வில் கரி அடைத்திருந்தது, கழற்றித் துடைத்து மாட்டினோம். தகடு வைத்து அடைத்துவிடச் சொல்லும் ஆட்கள் நிறைய. வேண்டாம், புகைச் சான்று எடுக்கப் போகும்போது கஷ்டம், வண்டியும் கம்பெனி வைத்தபடியே இருக்கட்டும். ரேடியேட்டரின் முன்னால் மண்ணும் விட்டில் பூச்சியும் கம்பளி மாதிரி. மூடி ரப்பர் தேய்ந்திருந்தது. எங்கள் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் அழுத்தம் பிடிக்காத மூடியோடு மலையேறுவது வெந்நீர் போடுவதற்குச் சமம். கிளட்ச் பிளேட்டும் மாற்ற வேண்டியதாயிற்று, அந்தச் செலவு பெட்டி தந்த பரிசு.

இப்போது பெட்டி. அதை உடனே தூக்கிப் போடவில்லை. ஓட்டை அடைந்தபின் என்ன செய்கிறது பார்ப்போம் என்று ஒரு சபலம். ஆனால் இந்தத் தடவை எக்ஸாஸ்ட் வெப்பத்தை அளக்கும் மீட்டரோடு. டர்போவுக்கு முன்னால், புகை வெளியேறும் மேனிஃபோல்டில் துளை போட்டு எட்டில் ஒரு இஞ்ச் மரை வெட்டி சென்சாரைப் பொருத்த வேண்டும். வண்டியிலேயே வைத்துத் துளை போடுகிறேன் என்று லேத் பையன் சொன்னான். சீவல் ஒன்று டர்போவுக்குள் போனால் விசிறி காலி. மேனிஃபோல்டைக் கழற்றி எடுத்துப் போய்த்தான் செய்தோம், அரை நாள் போயிற்று.

மாமரம் என்ற ஊர்ப் பக்கத்து ஏற்றம், முழுச் சுமை, ஆக்சிலேட்டர் தரையில். பெட்டி இல்லாமல் 640 டிகிரியில் நின்றது. பெட்டியோடு இரண்டு நிமிடத்தில் 745, இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது, காலை எடுத்துவிட்டேன். பிஸ்டன் அலுமினியக் கலவை. அலுமினியம் உருகுவது 660-இல். புகையின் சூடு அப்படியே பிஸ்டனுக்கு வந்துவிடாது, ஆயிலும் தண்ணீரும் குளிர்விக்கின்றன. ஆனாலும் சமவெளியில் ஓவர்டேக் பண்ண பத்து நொடி அப்படி ஓடுவது வேறு, இருபது கிலோமீட்டர் தொடர்ந்து ஏறுவது வேறு. எனக்கு நானே போட்ட கோடு 680. பெட்டியை அங்கேயே ரோட்டோரத்தில் கழற்றினேன். கேட்ட இரண்டு பேருக்கும் விற்கவில்லை, இருவரும் மலையில் ஓட்டுபவர்கள்.

பெட்டி இல்லாமலேயே இப்போது செக்போஸ்ட்டிலிருந்து அரவேணு வரை இரண்டாவது, சில இடத்தில் மூன்றாவது கியர். வீட்டுக்கு ஒரு மணி கால்.

கடைசியாக இறக்கச் சோதனை. சூடு அளக்கக் கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கியை எடுத்துப் போனேன், 42-க்கு மேல் 'ஹெச்ஐ' என்று காட்டிவிட்டுக் கம்மென்று இருந்தது. ஒர்க்‌ஷாப் மாடல் இரவல் வாங்கினேன். கோத்தகிரியிலிருந்தே இரண்டாவது கியர், 25–30 வேகம். வேகம் கூடினால் ஒரே அழுத்தாக அழுத்திக் குறைத்து முழுதாக விட்டுவிடுவது; தொட்டுக்கொண்டே இருப்பதில்லை. ட்ரெய்லர் பிரேக் ஓவர்ரன் என்பதால் இறக்கம் முழுவதும் முட்டிக்கொண்டே கொஞ்சம் பிடித்திருக்கும், அதனால் தட்டப்பள்ளம் தாண்டி ஒரு நிறுத்தம், குஞ்சப்பனையில் ஒரு நிறுத்தம் என்று வைத்துக்கொண்டேன். பைப்பில் தண்ணீர் இருக்கிறதே என்று சூடான டிரம்மில் ஊற்றும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. வார்ப்பிரும்பு விரிசல் விடும், ஊற்றாதீர்கள்.

குஞ்சப்பனையில் அளந்தது: முன் டிஸ்க் இடது 205, வலது 212. ட்ரெய்லர் டிரம் இரண்டும் 170 சுமார். பின் டிரம் இடது 148. வலது 71. சக்கரத்தை மாற்றி மாற்றி மூன்று தடவை அளந்தேன், 71-தான். வலது பின் வீல் சிலிண்டர் பாதி இறுகிக் கிடக்கிறது. லைனிங் மாற்றும்போது ரப்பரைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. மேட்டுப்பாளையம் போனதும் மெக்கானிக் அண்ணனிடம் எண்களைக் காட்டினேன். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் புதுசு போட்டுருவோம், ஒண்ணு மட்டும் போட்டா இழுக்கும்" என்றார்.

செலவு எல்லாம் சேர்த்து, பெட்டியைக் கழித்து, நாற்பத்தேழாயிரம் சொச்சம். அதில் பாதிக்கு மேல் கிளட்ச்சும் ஓவர்ரன் மூக்கும். வீல் சிலிண்டர் ஜோடி கோயம்புத்தூரிலிருந்து புதன்கிழமை வருகிறது. மழையில் ட்ரெய்லரின் டெயில் லைட் கண்ணடிப்பது மட்டும் பாக்கி. கொக்கி வழியாக எர்த் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன், தனி ஒயர் இழுக்க வேண்டும்.